மாமா யூனிட்டுக்கு ஷிப்ட் கணக்கு ப்ரோகிராம்: டிகிண்டரா, க்யூட்டா, எலக்ட்ரானா?

2025 ஜூலை 6, ஞாயிறு (கேள்வி)

அவிநாசிப் பக்கம் நம்ம ஊருங்க. மாமா திருப்பூர்ல சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்காரு. பவர் டேபிள் தையல், செக்கிங், அயர்ன் எல்லாம் சேர்த்து நாப்பது பேருக்குள்ளதான். ஷிப்ட் கணக்கு இன்னும் நோட்டுலதான் ஓடுது. காலேஜ்ல பைத்தான் படிச்சேன், ஆனா கறுப்புத் திரையில ஓடுற ப்ரோகிராம் மட்டும்தான் எழுதியிருக்கேன். கட்டம், பட்டன் எல்லாம் வெச்சு ஒண்ணு எழுதிக் குடுக்கோணும்னு ஆசை. கேட்ட பக்கமெல்லாம் "டிகிண்டர் பழசு, தொடாதே, எலக்ட்ரான் படி"ங்கறாங்க. யூனிட்ல இருக்கறது விண்டோஸ் 7 போட்ட பழைய டெஸ்க்டாப். எதுல ஆரம்பிக்கறதுங்க?

ஜூலை 6, இரவு (பதில்)

டிகிண்டர். மூன்றுமே ஜன்னலும் பட்டனும் வைத்த ப்ரோகிராம் எழுத உதவுகிற கருவிகள்தான், ஆனால் மாமா மேசை மேல் இருக்கிற அந்த மெஷினே அதை முடிவு செய்துவிட்டது.

எலக்ட்ரான் 2023-ல் வந்த 23-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. க்யூட் 6-க்கு விண்டோஸ் 10 வேண்டும். பைத்தானே 3.9 முதல் விண்டோஸ் 7-ல் ஏறாது, 3.8 தான் கடைசி. அந்த 3.8-ஐ நிறுவினால் டிகிண்டர் கூடவே வந்துவிடும், தனியாக எதுவும் இறக்க வேண்டாம். (வீட்டில் உபுண்டு லினக்ஸ் வைத்து எழுதினால் அங்கே மட்டும் பைத்தான்3-டிகே என்ற பொதியைத் தனியாகப் போட வேண்டும்.)

ஒன்று நினைவிருக்கட்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் பைத்தான் 3.8-க்கு 2024 அக்டோபரோடும் திருத்தங்கள் நின்றுபோயின. சம்பளக் கணக்கு எழுத நெட் தேவையில்லை. அந்த மெஷினிலிருந்து நெட் ஒயரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

பழசுதான், மறுக்கவில்லை. டிகே என்ற ஜன்னல் கருவி 1990-களின் தொடக்கத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தன்னுடைய டிசிஎல் மொழிக்காக எழுதியது. பைத்தானிலிருந்து அதைக் கூப்பிட வைத்த வழிதான் டிகிண்டர். சாம்பல் நிறப் பழைய பட்டன் பிடிக்கவில்லையென்றால் டிடிகே என்ற பிரிவில் இருக்கிற பட்டன், பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள், அவை விண்டோஸின் சொந்தத் தோற்றத்தையே போட்டுக்கொள்ளும். நாற்பது பேர் ஷிப்ட் கணக்குக்கு இது தாராளம்.

ஜூலை 7

எடிட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை யூனிட்டுக்குப் போய் உட்காருங்கள். மாமாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவது போதாது. கணக்கு எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நான் முதன்முதலில் எழுதியதும் இதே வேலைக்குத்தான், அண்ணன் யூனிட்டுக்கு. அங்கே வெகு காலமாகக் கணக்கு எழுதுகிற ஒரு அக்கா இருக்கிறார். அவர் நோட்டில் இடது ஓரம் டோக்கன் நம்பர், பக்கத்தில் பெயர், பிறகு திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம், கடைசியில் மொத்த ஷிப்ட், ரேட், அட்வான்ஸ் பிடித்தம், கைக்கு வருவது. அதற்குமேல் ஒரு கோடு கிடையாது. எத்தனையோ வருடம் எழுதி எழுதித் தேய்ந்து நின்ற வடிவம் அது. அந்தப் பக்கத்தை அப்படியே திரையில் கொண்டு வருவதுதான் முதல் ப்ரோகிராமின் வேலை. முகப்புப் பக்கம், லாகின், மெனு, யூனிட் பெயர் போட்ட பெரிய லோகோ எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். திறந்தவுடன் இந்த வாரத்துப் பக்கம் வரட்டும்.

அங்கே உட்கார்ந்தால்தான் தெரிகிற விஷயங்கள் உண்டு. ஒன்றரை ஷிப்ட்டை அவர் எப்படி எழுதுகிறார், வராத நாளுக்கு என்ன குறி போடுகிறார், அட்வான்ஸை எந்தக் கலர் பேனாவில் எழுதுகிறார், பாதி வாரத்தில் நின்றுபோனவரை எப்படி அடிக்கிறார். இந்தக் குறிப்புகளைத் தம்பி ஒரு தாளில் எடுத்து வந்தால் பாதி வடிவமைப்பு முடிந்தது.

ஜூலை 7, கொஞ்சம் கழித்து

"கணக்கு எழுதறவங்களுக்குக் கம்ப்யூட்டரே தெரியாது, நோட்டு நல்லா இருக்குதுங்கறாங்க" என்று தம்பி எழுதியிருக்கிறார். நோட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். கொஞ்ச காலத்துக்கு இரண்டிலும் எழுதட்டும், சனிக்கிழமை இரண்டு மொத்தமும் ஒத்துப் போகிறதா என்று அவரே பார்க்கட்டும். நம்பிக்கை அப்படித்தான் வரும்.

ஜூலை 10

இப்போது ப்ரோகிராம் பக்கம் வரலாம். கறுப்புத் திரையில் எழுதிப் பழகியவருக்கு முதலில் இடறுகிற இடம் ஒன்றே ஒன்று. அங்கே ப்ரோகிராம் மேலிருந்து கீழாக ஓடும். பெயர் கேட்கும், ஷிப்ட் கேட்கும், பதில் சொல்லும், முடியும். யாரை எப்போது கேட்பது என்பதை நாம் வைத்திருந்தோம். ஜன்னல் வைத்த ப்ரோகிராமில் அந்த உரிமை உட்கார்ந்திருக்கிறவர் கைக்குப் போய்விடுகிறது. அவர் ஐந்தாவது ஆளின் வியாழக்கிழமையில் ஆரம்பிக்கலாம், பாதியில் எழுந்து டீ குடிக்கப் போகலாம்.

யூனிட்டில் பவர் டேபிள் பார்த்திருப்பீர்கள். கிளட்ச் மோட்டார் காலையிலிருந்து உருமிக்கொண்டே இருக்கும், பெடலை மிதித்தால்தான் ஊசி ஓடும். டிகிண்டரில் அந்த மோட்டாருக்கு மெயின்லூப் என்று பெயர். ஜன்னலில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கடைசி வரியில் அதை ஓடவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு உங்கள் கோடு (நீங்கள் எழுதிய ப்ரோகிராம் வரிகள்) தானாக ஓடாது. பட்டன் அழுத்தினால், எழுத்துத் தட்டினால், கட்டத்தை விட்டு நகர்ந்தால், அந்தந்தச் செயலுக்கு நீங்கள் கட்டி வைத்த ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான கோடுத் துண்டு) மட்டும் ஓடித் திரும்பும்.

இதில் இரண்டு முடிச்சு எல்லோருக்கும் விழும்.

பட்டனுக்குக் கமாண்ட் கொடுக்கிற இடத்தில் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். சேமி என்றால் சேமி. சேமி() என்று அடைப்புக்குறியோடு எழுதினால் பட்டனை உருவாக்கும்போதே அது ஓடி முடிந்துவிடும், பிறகு அழுத்தினால் ஒன்றும் நடக்காது. (பைத்தான் 3-ல் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நான் கணக்கு சம்பந்தப்பட்டவற்றுக்கு அப்படித்தான் வைக்கிறேன். ரேட், பிடித்தம், கைக்கு என்று படித்தவுடன் புரிகிறது.)

இரண்டாவது, லூப் போட்டு ஆளுக்கு ஒரு பட்டன் செய்து ஒவ்வொன்றுக்கும் லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) கொடுப்பீர்கள். எந்தப் பட்டனை அழுத்தினாலும் கடைசி ஆளின் கணக்கே திறக்கும். லாம்டா, ஆள் என்ற மாறியின் மதிப்பை எடுத்து வைத்துக்கொள்வதில்லை, அழுத்துகிற நேரத்தில்தான் போய்ப் பார்க்கிறது. அப்போது லூப் முடிந்து கடைசி ஆளில் நிற்கும். லாம்டாவின் உள்ளீட்டில் ஆள்=ஆள் என்று முன்மதிப்பாக எழுதினால் அந்தந்த நேரத்து மதிப்பு தங்கிவிடும்.

ஜூலை 11

அடுக்குவது பற்றி ஒரு வரி. பேக் (ஒன்றை அடுத்து ஒன்றாக), கிரிட் (கட்டம் கட்டமாக) என்று இரண்டு முறை இருக்கிறது. ஒரே சட்டத்துக்குள் (ஃப்ரேம்) இரண்டையும் கலக்காதீர்கள், டிகே ஏற்காது. வெளியே மேல் பட்டை, நடுப் பகுதி, கீழ்ப் பட்டை என மூன்று சட்டத்தைப் பேக்கில் அடுக்கி, நடுச் சட்டத்துக்குள் மட்டும் கிரிட். நோட்டுப் பக்கம் கட்டம் கட்டமானது, கிரிட் அதற்கென்றே செய்தது போல இருக்கும். பெயர்க் கட்டம் இருக்கிற நெடுவரிசைக்கு வெயிட் கொடுத்தால் ஜன்னலைப் பெரிதாக்கும்போது அது மட்டும் விரியும், ஷிப்ட் கட்டங்கள் அதே அளவில் நிற்கும்.

ஜூலை 13, ஞாயிறு

என்டர் சாவி. என்னைக் கேட்டால் இந்த இழை முழுவதிலும் முக்கியமானது இதுதான்.

அண்ணன் யூனிட் அக்காவுக்கு மவுஸ் பிடிக்கவே பிடிக்காது. திருப்பூரில் கணக்கு எழுதுகிற பலரும் டேலி என்ற கணக்கு ப்ரோகிராமில் பழகியவர்கள்தான், என்டர் தட்டினால் அடுத்த கட்டம் வந்தாக வேண்டும். டிகிண்டரில் அது தானாக வராது, டேப் சாவிக்குத்தான் நகரும். முதல் வடிவத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "ஏங்கண்ணு, ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த எலியப் புடிச்சு இழுத்துட்டு இருந்தா சனிக்கெழம பொழுதோட எப்ப நானு ஊடு போய்ச் சேர்றது?"

இடது கை நோட்டு வரியைத் தொட்டபடி இருக்கும். வலது கை எண் பலகையின் மேல். கண் நோட்டில். திரையை அவர் பார்ப்பதே இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக வரும்.

என்டருக்கு அடுத்த கட்டத்துக்குப் போகிற ஃபங்ஷனைக் கட்டுங்கள். மேல் அம்புக்குறி, கீழ் அம்புக்குறிக்கு மேல் ஆள், கீழ் ஆள். லினக்ஸில் சோதித்தால் எண் பலகையின் என்டருக்குக் கேபி என்டர் என்று தனிப் பெயர், அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும். டேப் போகிற வரிசை, கட்டங்களை உருவாக்கிய வரிசைதான். ஆகவே ஆள்வாரியாக உருவாக்குங்கள், கிழமைவாரியாக உருவாக்கினால் டேப் மேலிருந்து கீழே இறங்கும்.

தப்பான எண் தட்டினால் எச்சரிக்கைப் பெட்டி திறக்காதீர்கள். அவர் பார்க்காமலேயே அடுத்த ஆறு எண்ணைத் தட்டி முடித்திருப்பார், எல்லாம் பெட்டியில் மோதிக் காணாமல் போயிருக்கும். பெல் என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஒலி எழுப்பும். ஒலி, கட்டத்துக்குச் சிவப்பு நிறம், அதே கட்டத்திலேயே நிற்பது. போதும்.

ஒன்றரைக்குப் புள்ளி தட்ட வேண்டியிருப்பது அவருக்குத் தொந்தரவாக இருந்தது. "பதினஞ்சுன்னு தட்டறேன், நீ ஒண்ணரைன்னு வெச்சுக்க" என்றார். நன்றாக யோசித்தால் குழப்பமே இல்லை. யாரும் ஒரு நாளில் பதினைந்து ஷிப்ட் பார்க்கப் போவதில்லை. 5 என்றால் அரை, 1, 15 என்றால் ஒன்றரை, 2. இந்த நான்கைத் தவிர வேறு வந்தால் பெல். நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லாத யோசனை.

ஜூலை 14

"க்யூட் டிசைனரில் இழுத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஜன்னல் முடிந்துவிடும், இவ்வளவு கையால் எழுத வைத்துப் புதியவரை ஏன் விரட்டுகிறீர்கள்" என்று கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். விண்டோஸ் 10 மெஷினாக இருந்தால் நானும் யோசிப்பேன். நியாயமான கேள்விதான்.

க்யூட் 1990-களில் நார்வேயில் இரண்டு பேர், ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங், தொடங்கியது. 1995-ல் வெளியே வந்தது. சிக்னல், ஸ்லாட் என்ற அதன் முறை அழகானது. கட்டம் மாறியது என்று ஒரு பக்கம் அறிவிக்கும், அதைக் கேட்க விரும்புகிறவை தங்களைப் பொருத்திக்கொள்ளும், ஒன்றுக்கு மற்றது யாரென்று தெரிய வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், அதில் திருத்தக்கூடிய உண்மையான அட்டவணை இருக்கிறது. டிகிண்டரில் அது இல்லை. ட்ரீவியூ வரிசைகளைக் காட்டும், ஆனால் கட்டத்துக்குள் தட்ட விடாது. அதனால்தான் நாற்பது ஆள், ஆறு கிழமை, 240 தட்டெழுத்துப் பெட்டிகளைக் கிரிட்டில் அடுக்கச் சொன்னேன். 240-ஐ டிகே அலட்சியமாகத் தாங்கும். முந்நூறு ஆள் யூனிட் என்றால் 1,800 பெட்டி, அப்போது ஜன்னல் திறக்கவே தடுமாறும், நான் க்யூட்டுக்குத்தான் போவேன்.

விற்க நினைத்தால் உரிமம் பார்க்க வேண்டும். க்யூட்டைப் பைத்தானிலிருந்து கூப்பிட இரண்டு வழி. பைக்யூட், ஜிபிஎல் உரிமத்தில் (விற்றால் கோடையும் கொடுக்கச் சொல்வது) அல்லது காசு கொடுத்து. பைசைட், க்யூட் நிறுவனமே தருவது, எல்ஜிபிஎல் என்ற தளர்வான உரிமத்திலும் கிடைக்கும். இரண்டும் எழுதும்போது ஏறக்குறைய ஒன்றுதான். மாமா யூனிட்டுக்கு மட்டும் என்றால் இந்தக் கவலை இல்லை.

இழுத்துப் போடுகிற டிசைனர் பற்றி என் எண்ணம் வேறு. முதல் ஜன்னலைக் கையால் எழுதினவருக்கு, பெரிதாக்கும்போது எந்தக் கட்டம் ஏன் நகர்கிறது என்று தெரியும். பிறகு டிசைனரைத் தொட்டால் அது கையாள். முதலிலேயே தொட்டால் அது சொன்னபடி நாம் கேட்க வேண்டும்.

ஜூலை 14, இரவு

மேலே எழுதியதில் விட்டது. எங்கள் பக்கம் நூல் கடையிலும் அரிசி மில்லிலும் இன்னும் ஓடுகிற பில் போடும் ப்ரோகிராம்களில் எத்தனை விஷுவல் பேசிக் 6-ல் எழுதியவை என்று கவனித்திருக்கிறீர்களா? 1998-ல் வந்த கருவி. 2008 ஏப்ரலோடு அதன் எழுதும் சூழலுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. ஆனாலும் அதில் செய்தவை இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன. டெஸ்க்டாப் ப்ரோகிராம் ஒருமுறை மேசை ஏறினால் எளிதில் இறங்காது. காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் பார்த்தேன், எழுதினவர் எங்கே போனார் என்றே யாருக்கும் தெரியாது, ப்ரோகிராம் மட்டும் தினமும் கொப்பரை எடை போட்டுக்கொண்டிருக்கிறது. தம்பி எழுதப் போவதும் அப்படி நிலைக்கலாம். கோடின் மேல் நாலு வரி விளக்கம், எந்தப் பைத்தான், எந்தக் கோப்பு எங்கே என்று எழுதி வையுங்கள்.

ஜூலை 18

தமிழ்ப் பெயர்கள். தம்பி உபுண்டுவில் ஓட்டிப் பார்த்துப் படம் போட்டிருக்கிறார், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கின்றன, "கொ" மூன்று துண்டாகத் தெரிகிறது. உங்கள் கோடில் தவறில்லை. லினக்ஸில் டிகே 8.6 ஒவ்வொரு குறியாக எடுத்து வைத்துவிடுகிறது. நம் எழுத்துக்குக் கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வடிவம் சேர்க்கிற ஒரு படி தேவை, அதைச் செய்வதில்லை. க்யூட்டும் ஜிடிகே என்ற இன்னொரு கருவியும் ஹார்ஃப்பஸ் என்ற ஆயத்தக் கோடுத் தொகுப்பைக் கொண்டு அந்தப் படியைச் செய்கின்றன. விண்டோஸில் அந்த வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்வதால் டிகிண்டரிலும் சரியாக வரும். மாமா மெஷினில் லதா எழுத்துரு இருக்கும், அதைக் குறிப்பிடுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா இருக்கிறது.

பழைய ஆள் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அதை அப்படியே ஏற்றாதீர்கள். பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், எழுத்துருவின் முகம்தான் தமிழ். ஒருமுறை யுனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

பெயரை அகரவரிசையில் அடுக்க பைத்தானின் சார்ட் கட்டளையை நம்ப வேண்டாம். யுனிகோடு எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ற என்பது ர-வுக்கு அடுத்து, ழ, ள இரண்டும் வ-வுக்கு முன்னால். நம் அகராதியில் வ, ழ, ள, ற, ன என்று முடியும். புள்ளிக்குறியின் எண்ணும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் க் என்பது கௌ-வுக்கும் பின்னால் போய் உட்காரும். சரியான வரிசை வேண்டுமென்றால் எழுத்துகளுக்கு நாமே ஒரு வரிசை எண் கொடுத்து அதை வைத்து அடுக்க வேண்டும்.

ஆனால் யூனிட்டில் யாரும் பெயரால் தேடுவதில்லை. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் பாதிப் பேர், ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், நோட்டில் காதில் விழுந்தபடி எழுதியிருக்கும். டோக்கன் நம்பர்தான் அடையாளம். அடுக்குவதும் தேடுவதும் டோக்கனில் இருக்கட்டும், பெயர் கண்ணுக்கு.

ஜூலை 20

பணம். ரூபாயைத் தசம எண்ணாக வைக்காதீர்கள். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 வரும். இரும எண்ணில் பத்தில் ஒன்றைத் துல்லியமாக எழுத முடியாது என்பதுதான் காரணம். ரேட்டைப் பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். ஷிப்ட்டை அரை ஷிப்ட் எண்ணிக்கையாக வையுங்கள், ஒன்றரை என்றால் உள்ளே 3. அரை என்பது இருமத்தில் துல்லியமாகவே நிற்கும், அங்கே ஆபத்தில்லை, ஆனாலும் ஒரே ஒழுங்கு இருந்தால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

காட்டும்போது காற்புள்ளி. பைத்தானின் வழக்கமான காற்புள்ளி 123,456 என்று போடும். மாமாவுக்கு 1,23,456 வேண்டும். கடைசி மூன்று இலக்கத்தை ஒதுக்கி, மீதியை இரண்டிரண்டாகப் பிரிக்கிற சின்ன ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூலை 20, மறுபடி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் ப்ரோகிராமில் அண்ணனுக்கு மிகவும் பிடித்துப்போனது ஷிப்ட் பக்கம் இல்லை, ரூபாய் நோட்டுக் கணக்கு.

சனிக்கிழமை சம்பளம் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். மொத்தம் எவ்வளவு என்பது பேங்குக்குப் போகிறவருக்குப் போதாது. எல்லாவற்றையும் ஐந்நூறாக வாங்கி வந்தால் கவர் போட முடியாது. ஒருவருக்கு 4,370 என்றால் ஐந்நூறு எட்டு, இருநூறு ஒன்று, நூறு ஒன்று, ஐம்பது ஒன்று, இருபது ஒன்று. இப்படி ஒவ்வொருவருக்கும் பெரிய நோட்டிலிருந்து பிரித்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு நோட்டும் மொத்தம் எத்தனை என்று கடைசியில் கூட்ட வேண்டும். மொத்தத் தொகையைப் பிரித்தால் தப்பாகும், ஆள்வாரியாகப் பிரித்துத்தான் கூட்ட வேண்டும். நம் நோட்டுகளுக்குப் பெரியதிலிருந்து எடுத்துக்கொண்டே போவதுதான் குறைந்த எண்ணிக்கை தரும், வேறு சூத்திரம் தேவையில்லை. பத்து வரிக் கோடு. அந்த அக்கா வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து கையால் போட்டுக்கொண்டிருந்த வேலை அது.

நோட்டுகளின் பட்டியலைக் கோடில் புதைக்காமல் அட்டவணையில் வையுங்கள். 2023 மே மாதம் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, பட்டியலில் ஒரு வரியை எடுத்ததோடு அண்ணன் யூனிட்டில் வேலை முடிந்தது.

ஜூலை 23

10-ஆம் தேதி சேமி பட்டனை உதாரணமாகச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அந்தப் பட்டனே வேண்டாம். நோட்டில் எழுதினால் எழுதினதுதான், அதற்குத் தனியாகச் சேமிப்பு கிடையாது. கட்டத்தை விட்டு நகர்ந்தவுடன், டிகிண்டரில் ஃபோகஸ்அவுட் என்ற நிகழ்வு, அந்த ஒரு எண்ணை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள். பைத்தானோடு வருகிறது, ஒரே கோப்பு, சர்வர் கிடையாது. எழுதும் நடுவில் கரண்ட் போனால் முடியாத எழுத்தை அடுத்த முறை திறக்கும்போது தானே விலக்கிவிடும். முந்தைய கணக்கு பத்திரமாக இருக்கும்.

தப்பாகத் தட்டிவிட்டால்? மாற்றும் முன்பிருந்த எண்ணையும் நேரத்தையும் இன்னொரு அட்டவணையில் ஒரு வரியாகப் போட்டு வையுங்கள். "எனக்கு வியாழக்கிழமை ஒண்ணரை போட்டிருந்தீங்களே" என்று யாராவது வந்து நிற்கும்போது அது பேசும். வாரக் கூலிக்காரருக்கு அரை ஷிப்ட் சின்ன விஷயம் இல்லை.

ஜூலை 27

"பென் டிரைவுக்கு நகல் எடுக்கும்போது ஜன்னல் வெளுத்து நாட் ரெஸ்பாண்டிங் என்று வருகிறது."

தம்பியின் கேள்வி இது. மெயின்லூப் என்ற மோட்டார் நின்றுவிட்டது, அவ்வளவுதான். உங்கள் ஃபங்ஷன் திரும்பும் வரை மெயின்லூப் எதையும் கவனிக்க முடியாது, திரையைக்கூட மறுபடி வரையாது. நகல் வேலையைத் தனி த்ரெட்டில் (மெயின்லூப்புக்கு இணையாகப் பக்கத்தில் ஓடுவது) விடுங்கள். அந்த த்ரெட்டிலிருந்து ஜன்னலில் எதையும் தொடாதீர்கள். முடிந்தது என்ற செய்தியை ஒரு க்யூவில் போடட்டும். ஜன்னல் பக்கம் ஆஃப்டர் என்ற கட்டளையால் அரைநொடிக்கு ஒருமுறை அந்தக் க்யூவை எட்டிப் பார்த்து, செய்தி இருந்தால் காட்டட்டும். காத்திருக்க வேண்டிய இடத்தில் ஸ்லீப் போடாமல் எப்போதும் ஆஃப்டர்.

திறந்திருக்கிற எஸ்கியூலைட் கோப்பை அப்படியே காப்பி அடிக்காமல் அதற்கென்று இருக்கிற பேக்கப் முறையைக் கூப்பிடுங்கள், பைத்தான் 3.7 முதல் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதும் முழுசான நகல் கிடைக்கும். த்ரெட்டுக்குள் கோப்பைத் தனியாகத் திறந்துகொள்ள வேண்டும், ஜன்னல் திறந்த இணைப்பை அங்கே தூக்கிப் போனால் பைத்தான் மறுத்துவிடும்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

யூனிட் லீவு. பவானி கூடுதுறைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

சம்பளச் சீட்டு அச்சிட டிகே 8.6-ல் வழி இல்லை. தமிழ் அச்சுக்கு நான் கண்ட சுலபமான வழி, ஹெச்டிஎம்எல் என்ற இணையப்பக்கக் கோப்பாக எழுதி உலாவியில் திறந்து அங்கிருந்து அச்சிடுவது. எழுத்து உடையாது, ஒரு தாளில் எட்டுச் சீட்டு அடுக்கலாம், கத்திரித்துக் கவரோடு வைத்துவிடலாம்.

யூனிட்டுக்குக் கொண்டுபோக, ப்ரோகிராமைத் தானே ஓடுகிற கோப்பாகக் கட்டித் தருகிற பைஇன்ஸ்டாலர். விண்டோஸ் கோப்பை விண்டோஸில்தான் கட்ட முடியும், உபுண்டுவில் கட்டினால் ஆகாது. மாமா மெஷின் 32 பிட் என்றால் 32 பிட் பைத்தானில் கட்ட வேண்டும். ஒற்றைக் கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு முறையும் தற்காலிக இடத்தில் விரித்துத்தான் திறக்கும், பழைய மெஷினில் நேரம் பிடிக்கும், ஆன்டிவைரஸும் சந்தேகப்பட்டுத் தூக்கும். ஃபோல்டராகவே கட்டி, டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வையுங்கள். கணக்குக் கோப்பு அந்த ஃபோல்டருக்குள் இருக்கக் கூடாது. புதிய பதிப்பைக் கொண்டுபோய் மேலே ஒட்டும்போது பழைய கணக்கு அழிந்துவிடும்.

ஆகஸ்ட் 9, சனி

தம்பி ப்ரோகிராம் ஓடத் தொடங்கியதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அதிலும் கணக்கு எழுதுகிற அம்மிணி "அட்வான்ஸுக்குத் தனிக் கலர் வெச்சுக் குடுங்க" என்று கேட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் அடையாளம். வேண்டாதவர் குறை சொல்ல மாட்டார், மூடி வைத்துவிடுவார்.

இப்போது மாமா இஎஸ்ஐ, பிஎஃப் இரண்டும் இதிலேயே பிடிக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். விழுக்காட்டைக் கோடில் எழுதவே எழுதாதீர்கள். இஎஸ்ஐ பங்கு 2019 ஜூலை 1 முதல் தொழிலாளிக்கு 0.75, முதலாளிக்கு 3.25 விழுக்காடு. அதற்கு முன்னால் 1.75-ம் 4.75-ம். நாளைக்கு மறுபடி மாறலாம். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று அட்டவணையில் வரி வரியாக வைத்து, அந்த வாரத்தின் தேதிக்கு உரிய வரியை எடுத்துக் கணக்கிடுங்கள். ஷிப்ட் ரேட்டுக்கும் இதே முறைதான். கூலி உயர்ந்த பிறகு போன தீபாவளி வாரத்தைத் திறந்தால் பழைய ரேட்டில் பழைய தொகையே வர வேண்டும், இல்லையென்றால் நோட்டோடு ஒத்துப்போகாது. இஎஸ்ஐ பங்கில் பைசா வந்தால் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அட்டவணையைத் திருத்த டாப்லெவல் என்ற இரண்டாவது ஜன்னல் போதும். இன்னொரு டிகே மூல ஜன்னலைத் திறக்காதீர்கள், முதல் ஜன்னலின் மாறிகள் அதில் தெரியாமல் போகும். திருத்தம் முடிகிற வரை பின்னால் இருக்கிற பக்கத்தில் தட்டாமல் இருக்க கிராப்செட் என்று ஒரு கட்டளை உண்டு.